காய்வதற்குள்

எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்குத் தெரியும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அரிமளத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை மடிக்கிற வேலை பார்க்கிறேன். யாரோ எழுதி யாரோ அச்சடித்ததை விளிம்பு பிசகாமல் மடித்து உறைக்குள் போடுவேன். எழுத்துக்கும் எனக்கும் அவ்வளவுதான் உறவு. நாலு பேர் கூடிய இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டியிருக்கும். இப்படிப்பட்டவள் இன்னொருவரைப் பற்றி எழுதலாமா என்று பலமுறை பேனாவை மூடி வைத்தேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் குறை இருந்தால் அது என்னுடையது, அக்காவுடையது இல்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அந்தச் சுவர் வழியாகக் குழம்பும் கருவேப்பிலையும் போகும், பேச்சு இங்கிட்டும் அங்கிட்டும் வந்து போகும். பேச்சு பெரும்பாலும் அங்கிட்டிருந்துதான் வரும். அவர் பெயரை எழுதவில்லை. எழுதினால், "ஏ பிள்ள, ஊருல வேற பேரே கெடைக்கலையா ஒனக்கு?" என்பார்.

இப்போது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அக்காவின் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் இறந்த பிறகு மகன் வந்து அக்காவைத் திருப்பூருக்குக் கூட்டிப் போய்விட்டான். சாமான் ஏற்றிய அன்று கட்டில், பீரோ, அண்டா எல்லாவற்றையும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார் அக்கா. ஒரே ஒரு கார்ச் சக்கரத்தை மட்டும் பழைய சேலையில் சுற்றி, வேனில் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டார். கார் விற்று எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. "கார் இல்லாத வீட்டுக்குச் சக்கரம் எதுக்கு?" என்று தெருவே கேட்டது. அக்கா யாருக்கும் பதில் சொல்லவில்லை. எனக்கு விஷயம் தெரியும். நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது.

அக்காவுக்குப் பொறுமை கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உயரம், நிறம் மாதிரி உடம்போடு வந்தது அது. எதையும் காய விடமாட்டார், வேக விடமாட்டார், ஆற விடமாட்டார். தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அக்கா வீட்டு இட்லிக்கு நடுவில் ஒரு குழி இருக்கும். வெந்துவிட்டதா என்று விரலால் அழுத்திய குழி. தட்டுக்கு ஒரு இட்லியைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். அக்காவுக்குப் போதாது. எங்கள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினால் அந்தக் குழியில் சட்னி அழகாக உட்கார்ந்திருக்கும். என் மகள் சின்னப் பிள்ளையில், இட்லி என்றாலே குழியோடுதான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். நான் அவித்த இட்லியைப் பார்த்து, "இதுல ஓட்டை இல்லையே, வேகலையா?" என்று கேட்டிருக்கிறாள்.

அக்கா வீட்டுத் துவைக்கிற மேடைக்கு சிமெண்டு பூசிய அன்று நானும் சுவர் ஓரத்தில் நின்றிருந்தேன். கொத்தனார் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மூன்று விரல் பதிந்துவிட்டது. அவர் மறுபடி தேய்த்துவிட்டார். கரணையைக் கழுவிக்கொண்டு திரும்பினால் மறுபடி மூன்று விரல்.

"ஏங்க, இது என்ன சிமெண்டா, இல்ல ஒங்க வீட்டு இட்லியா?"

"காஞ்சிருச்சான்னு பாத்தேங்க."

"நீங்க பாத்துக்கிட்டே இருந்தா அது எப்படிங்க காயும்? அதுக்கு வெக்கமா இருக்காதா?"

கொத்தனார் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த மூன்று விரல் இன்றும் அங்கே இருக்கிறது. இப்போது குடியிருக்கிறவர்கள் துவைக்கும்போது அதில் சோப்புத் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்ப்பேன். வாசல் கேட்டில் நீலப் பெயிண்டில் ஒரு பெருவிரல். ஜன்னல் கம்பியில் ஒன்று. அக்கா குடியிருந்த வீட்டில் எதைத் தொட்டாலும் அக்கா முன்னாலேயே தொட்டிருப்பார்.

"காயட்டும்டி" என்று அண்ணன் சொல்வார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அதிகம் கேட்ட சொல் அதுதான். கோபமாகச் சொல்லமாட்டார். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே, அக்கா என்ன செய்கிறார் என்று பார்க்காமலேயே சொல்வார். அடுத்த நொடி அக்கா கையை எடுக்கும் சத்தம் கேட்கும். வளையல் சத்தம்தான்.

பஸ்ஸுக்கு அக்கா காத்து நின்று நான் பார்த்ததில்லை. புதுக்கோட்டைக்குப் போக நிறுத்தத்துக்கு வந்தால், பஸ் வரும் திசையை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். வரவில்லை என்றால் அடுத்த நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிடுவார். நானும் பின்னாலேயே ஓடவேண்டும். சரியாகப் பாதி வழியில், நிறுத்தமே இல்லாத இடத்தில், பஸ் எங்களைத் தாண்டும். அக்கா கையை ஆட்டுவார். ஒருநாள் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏம்மா, அப்படியே புதுக்கோட்டை வரைக்கும் நடந்துருங்களேன்!" என்று கத்திவிட்டுப் போனார். "இந்நேரம் அங்க நின்னிருந்தா ஏறியிருக்கலாம் அக்கா" என்றேன். "நின்னிருந்தா அவன் வந்திருக்கமாட்டான். நாம நடந்ததாலதான் வந்தான்" என்றார்.

எனக்கு இந்த அவசரம் வசதியாகவே இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறப்பதற்குள் அக்கா எனக்காகச் சொல்லி முடித்திருப்பார். இந்த அச்சக வேலைகூட அப்படிக் கிடைத்ததுதான். வேலை கேட்கலாம் என்று கிளம்பிப் போய், உள்ளே நுழையத் தைரியம் இல்லாமல் வாசலில் மாட்டியிருந்த மாதிரிப் பத்திரிகைகளைப் படித்துக்கொண்டு நின்றேன். அந்த வழியாக வந்த அக்கா, "உள்ள போறியா, நான் போகட்டுமா?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. உள்ளே போனார், வெளியே வந்தார். "நாளையிலேருந்து வான்னு சொல்லிட்டாரு." பிறகுதான் முதலாளி சொன்னார், அவர் அப்படிச் சொல்லவே இல்லையாம். "நாளைலேருந்து வரும், நல்ல பிள்ளை" என்று அக்காவே சொல்லிவிட்டு இறங்கிவிட்டாராம். மறுத்துச் சொல்ல ஆள் எதிரில் இல்லாததால் நான் வேலையில் சேர்ந்தேன்.

அண்ணன் இதற்கு அப்படியே நேர் எதிர். வாடகைக்கு ஓடும் பழைய வெள்ளைக் கார் ஒன்று வைத்திருந்தார். கல்யாணத்துக்கு, காது குத்துக்கு, திருச்சி ஆஸ்பத்திரிக்கு, கொடும்பாளூர் மூவர் கோயில் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு என்று ஓட்டுவார். வாடகைக் கார்க்காரருக்கு ஓட்டுவது பாதி வேலைதான். மீதி, காத்திருப்பது. மண்டப வாசலில் புளியமரத்தடியில் கதவைத் திறந்துவைத்து, ஒரு காலை வெளியே போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். முகத்தில் ஒரு சலிப்பு இருக்காது. வீட்டிலும் அப்படித்தான். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நிதானமாகத்தான் முடிப்பார். முடிப்பதற்குள் அக்கா நடுவில் புகுந்து முடித்துவிடுவார்.

"இவளுக்கு வரம் குடுக்கச் சாமியே நேர்ல வந்தாலும், அது செருப்பக் கழட்டுறதுக்குள்ள இவ அடுத்த கோயிலுக்குப் போயிருப்பா" என்று அண்ணன் சொல்வார்.

"சாமி செருப்பு போடுமா? வந்துட்டாரு பேச" என்பார் அக்கா.

ஒருமுறை அக்காவுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தர, தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் கூட்டிப் போனார். கிளட்சை மிதிப்பதற்குள் அக்கா கியரைப் போடுவார். கார் கத்தும். அண்ணன் மறுபடி முதலிலிருந்து விளக்குவார். மூன்றாவது விளக்கம் முடிவதற்குள் அக்கா கதவைத் திறந்து இறங்கி வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். அக்கா முன்னால் விறுவிறு என்று நடக்க, பின்னாலேயே அண்ணன் காரை மெல்ல உருட்டிக்கொண்டு, விட்டுவிட்டு ஆரன் அடித்தபடி தெருவுக்குள் வந்ததை நாங்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தோம். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. ஒருவர் சிரிப்பது மற்றவருக்குத் தெரியாது.

காரைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில் அண்ணனுக்கு வாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தார். பேச்சு இருந்தது, ஆனால் ஒவ்வொரு எழுத்தாக, கிணற்றிலிருந்து இறைப்பது போல வந்தது. கை கால் பயிற்சி கொடுக்க வந்த பெண் அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னாள். "அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாதும்மா. அவங்களாச் சொன்னாத்தான் பேச்சு திரும்பும்."

அக்காவால் அது மட்டும் முடியவில்லை. அண்ணன் "த..." என்று தொடங்குவார்.

"தண்ணியா? தலகாணியா? தலை வலிக்குதா? தம்பி போன் பண்ணுனானான்னு கேக்குறீங்களா?"

அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். அக்கா எல்லாவற்றையும் கொண்டுவந்து வைப்பார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அக்கா சுவருக்கு வந்து என்னிடம் சொல்வார்: "நான் என்ன பிள்ள செய்வேன்? அவரு வாயிலேருந்து அந்தச் சொல்லு வர்றதுக்குள்ள என் உசுரு போயிட்டு வருது. அவரு கஷ்டப்படுறதப் பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா நிக்கிறது?" கொஞ்ச நாளில் அண்ணன் பேசுவதையே விட்டுவிட்டார். கண்ணால் காட்டுவார், அல்லது காட்டவும் மாட்டார்.

கார் வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் நின்றது. மழையும் வெயிலும் பட்டுச் சக்கரங்களில் துரு ஏறியது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்க அதையே பார்ப்பார். ஒருநாள் மகன் திருப்பூரிலிருந்து போன் செய்தான். நான் குழம்புக் கிண்ணத்தைக் கொடுக்கப் போயிருந்தேன். அக்கா அடுப்படியில் இருந்ததால் போனை நான்தான் அண்ணன் காதருகில் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, அத பழைய இரும்புக்குப் போட்டுருவோம்ப்பா. ஆளுக்குச் சொல்லியிருக்கேன். நீங்க அதையே பாத்துப் பாத்துத்தான் ஒடம்பக் கெடுத்துக்கிறீங்க."

அண்ணனின் இடது கை நாற்காலியைப் பிடித்தது. உதடு அசைந்தது. என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது, எனக்கு எப்போதுமே தெரியாது. அதனால் பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நின்றதால் அந்தச் சொல்லுக்கு வர இடம் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

"ஓ... ட... ணும்."

அடுப்படியில் கரண்டி விழுந்தது. அக்கா வாசல்படியில் வந்து நின்றார். அந்த வீட்டில் எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்ட சொல் அது. தான் அறையில் இல்லாததால்தான் அது முழுதாக வந்தது என்பது அக்காவுக்கும் புரிந்திருக்க வேண்டும். என் கையிலிருந்து போனை வாங்கி, "கேட்டுச்சுல்ல? ஓடணுமாம். இரும்புக்கெல்லாம் போடறதில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு அக்காவுக்கு அந்த ஒரு வேலைதான். கார் ஓடுகிற கைக்குத்தான் போக வேண்டும். அப்படியும் இப்படியும் விசாரித்து, குளத்தூர்ப் பக்கம் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த ஒருவரை வரவழைத்தார். அவர் வந்து எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார், தலையாட்டினார். கதவுகளைத் திறந்து மூடினார். பிறகு குனிந்து ஒரு சக்கரத்தை நகத்தால் சுரண்டினார். துரு செதில் செதிலாக விழுந்தது.

"என்னங்க, காலே இப்படி இருக்குன்னா உள்ள எப்படி இருக்குமோ? யோசிக்கணும். வெள்ளிக்கிழமை இங்கிட்டு வருவேன். வந்தாப் பாப்போம்."

வெள்ளிக்கிழமை அவரும் வேண்டாம் என்றால் பழைய இரும்புக்காரர்தான் வருவார். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கும் தெரியும்.

பட்டறையில் கேட்டார் அக்கா. சக்கரத்தைக் கழற்றி டயரைப் பிரித்துப் பெயிண்ட் அடிக்கப் பட்டறைக்காரர் சொன்ன கூலிக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம் போலிருந்தது. அக்கா நேராக ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய், கையால் அமுக்கி அடிக்கிற ஸ்ப்ரே டப்பாக்களும் உப்புத்தாளும் வாங்கிக்கொண்டு வந்தார். வியாழக்கிழமை எனக்கு லீவு போட்டாயிற்று. அதையும் அக்காவே முதலாளியிடம் சொல்லிவிட்டிருந்தார்.

"கடைக்காரரு எல்லாம் சொல்லிட்டாரு பிள்ள. தொடைக்கணும், தேய்க்கணும், மொதல்ல சாம்பல் கலரு பிரைமரு, அதுக்கு மேல வெள்ளிக் கலரு. லேசு லேசா அடிக்கணுமாம்."

"ஒவ்வொண்ணுக்கும் நடுவுல காய விடணும்னு சொல்லியிருப்பாரே?"

"சொன்னாரு, சொன்னாரு" என்றார் அக்கா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் சக்கரங்களைத் தேய்த்தோம். உப்புத்தாள் போட்டோம். துரு போனபின் உள்ளே தகடு கெட்டியாகத்தான் இருந்தது. "இது ஏமாத்து வேலை ஆயிராதாக்கா?" என்று கேட்டேன். "பொண்ணு பாக்க வரும்போது மொகத்துக்குப் பவுடரு போடறதில்லையா? பொண்ணு நல்ல பொண்ணுதான்" என்றார்.

ஆடிக் காற்று செம்மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஈரப் பெயிண்டில் ஒரு துளி மண் விழுந்தாலும் சொரசொரப்பாகிவிடும். கோலம் போடுவதற்கு முன் தெளிப்பதுபோல அக்கா வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினார். சக்கரத்தின் ஓட்டைகளில் காகிதத்தைக் கசக்கி அடைத்தோம். டயருக்குக் காற்று அடிக்கிற வாய்க்கு ஒரு பேனா மூடி. டயரில் பெயிண்ட் படாமல் இருக்க என்ன செய்வது என்பதில்தான் நின்றோம். அப்போது நான் வாழ்க்கையில் முதல்தடவையாக அக்காவுக்கு முன்னால் பேசினேன்.

"அச்சகத்துல வீணாப்போன பத்திரிகை கெடக்குக்கா. கெட்டியான அட்டை. டயருக்கும் இரும்புக்கும் நடுவுல சொருகிட்டா?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இத்தன நாளா எங்கடி வச்சிருந்த இந்த மூளைய?"

பெயர் மாறிப்போனவை, முகூர்த்த நேரம் தவறாக விழுந்தவை, மை இழுவியவை என்று ஒரு கட்டுப் பத்திரிகை என்னிடம் இருந்தது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிச் சொருகினோம். மஞ்சளும் சிவப்புமாகச் சக்கரம் பூ விரிந்ததுபோல இருந்தது. திருவிழாச் சப்பரத்துக்கு அலங்காரம் செய்த மாதிரி இருக்கிறது என்று அந்த வழியாகப் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அண்ணனை வேப்பமர நிழலில் கொண்டுவந்து விட்டிருந்தோம். முகத்தை அசைக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

டப்பாவைக் குலுக்கினால் உள்ளே ஒரு கோலி உருளும் சத்தம் கேட்கும். அக்காவுக்கு அந்தச் சத்தம் பிடித்துவிட்டது. நன்றாகக் குலுக்கி ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடித்தார். புகை மாதிரி வந்து படிந்தது. முதல் சக்கரத்துக்குச் சாம்பல் நிறம் அடித்து முடித்து நிமிர்ந்தார். அடுத்ததற்குப் போகாமல் குனிந்தார். நான் "அக்கா" என்று சொல்வதற்குள் விரல் பதிந்துவிட்டது.

துடைத்து, தேய்த்து, மறுபடி அடித்தோம். மறுபடி விரல். அந்த ஒரு சக்கரத்துக்கே ஒரு டப்பா காலியாகிவிட்டது. டிக்கியில் கிடந்த ஐந்தாவது சக்கரத்துக்கு, அந்த ஸ்டெப்னிக்கு, இனி பெயிண்ட் மிஞ்சாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. "போகுது போ, டிக்கியத் தொறந்தா பாக்கப் போறாரு?" என்று சொன்ன அக்கா, தன் வலது கையை என்னிடம் நீட்டினார். "இந்தா, இதப் புடிச்சுக்க. விட்டுறாத."

அப்படித்தான் மீதி நேரம் போனது. ஒரு சக்கரம் அடிப்பது, பிறகு நான் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது. கன்றுக்குட்டியைப் பிடித்த மாதிரி அந்தக் கை இழுக்கும். காற்றில் பத்திரிகைகள் படபடவென்று அடிக்கும்.

வெள்ளி நிறம் அடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் இடது கையைத் தூக்கி இரண்டாவது சக்கரத்தைக் காட்டினார். போய்ப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் கறுப்புக் கரை போட்ட கருமாதிக் கார்டு ஒன்று, "சிவலோகப் பதவி அடைந்தார்" என்ற வரி வெளியே தெரியும்படி, ஒய்யாரமாகச் சொருகியிருந்தது. அந்தக் கார்டை வாசலில் வைத்துப் படித்துக் கிழித்துப் போடுகிற ஊர் இது. வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகமாட்டோம். கட்டோடு கட்டாக என் கையில் வந்துவிட்டிருக்கிறது.

"ஐயையோ!" என்று அக்கா அதைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் டயரில் நீளமாக ஒரு வெள்ளிக் கோடு. "ஏ பிள்ள! வண்டிக்குக் கல்யாணம் பண்ணி அனுப்பலாம்னா, நீ கருமாதிய முடிச்சுட்டுப் போகலாம்கிறியே!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அண்ணன் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போனது, ஆனால் தோள் இரண்டும் குலுங்கின. அக்கா கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்று பார்த்தார். பிறகு, "பாத்தியா, சிரிக்கிறத. அதுக்கு ஒரு சாவு வேண்டியிருக்கு" என்றார். டயரில் பட்டதைத் தின்னரில் நனைத்த துணியால் நான் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

வெயில் தாழும்போது கடைசிச் சக்கரம் முடிந்தது. வாசலை ஒட்டிய முன்சக்கரம். அதுதான் எல்லாவற்றிலும் அழகாக வந்திருந்தது. ஒரு வழிசல் இல்லை, ஒரு மண் இல்லை. வேப்பமரம்கூட அதில் மங்கலாகத் தெரிந்தது. அக்காவின் கையை நான் பிடிக்கவே இல்லை. அவராகவே முந்தானையில் கையைச் சுற்றி முடிந்துகொண்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பாருங்க. நான் தொடவே இல்ல. வேணும்னா இவளக் கேளுங்க."

அண்ணன் மெல்லக் குனிந்தார். இடது கையை நீட்டினார். மட்கார்டைப் பிடித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து நான் தோளைத் தாங்கினேன். கை மட்கார்டுக்குப் போகவில்லை. பெருவிரல் நேராக ஈர வெள்ளியின் நடுவில் போய் அழுந்தியது. அழுத்தியே வைத்திருந்தார். பிறகு விரலை எடுத்து, வெள்ளியாகிப்போன அதைத் தன் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"கா..."

அக்காவின் வாய் திறந்தது. காப்பியா, காலு வலிக்குதா, காத்து வேணுமா என்று எல்லாமே எனக்கு மனசுக்குள் கேட்டுவிட்டது. ஆனால் அக்கா பேசவில்லை. கையில் சுற்றியிருந்த முந்தானையை அப்படியே வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டார்.

தெரு முனையில் ஒரு பஸ் வந்து நின்று, ஆள் இறக்கி, கிளம்பிப் போனது. பத்திரிகைகள் படபடத்தன. அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. அக்காவின் கண்ணில் நீர் கோத்து நின்றது, ஆனால் பல்லை விடவில்லை. அவ்வளவு நேரம் எதற்கும் காத்து நின்று நான் அவரைப் பார்த்ததில்லை.

"கா... ய... ல... டி."

சொல்லி முடித்துவிட்டு அண்ணன் மறுபடி அந்த ஒருபக்கச் சிரிப்புச் சிரித்தார். வருசக்கணக்காகத் தான் சொன்னதை அக்கா கேட்காததற்கு, அன்றைக்குத்தான் பதிலுக்குப் பதில் செய்தவர் மாதிரி இருந்தது அது.

அக்கா ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். "ஆமாங்க. காயல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்குக் காலையில் வரப்போகிறவரின் கவலை வந்துவிட்டது. முன்சக்கரம், வாசல் பக்கம், முதலில் கண்ணில் படுவதே அதுதான். டப்பாவைக் குலுக்கிப் பார்த்தேன். கோலி உருண்டது. இன்னும் கொஞ்சம் இருந்தது.

"அக்கா, தொடச்சிட்டு லேசா ஒரு தடவை அடிச்சிருவோம். தெரியாது."

அக்கா என் கையிலிருந்து டப்பாவை வாங்கி மூடியைப் போட்டார். சக்கரத்தில் பதிந்திருந்த பெருவிரலைப் பார்த்தார். கோடு கோடாக, தெளிவாக விழுந்திருந்தது.

"வேணாம் பிள்ள. காயட்டும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் ஜாக்கி வைத்து அந்தச் சக்கரத்தைக் கழற்றினோம். நட்டு இளக நான் ஸ்பானர்மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் துருப்பிடித்த ஸ்டெப்னியை மாட்டினோம். குளத்தூர்க்காரர் வந்தார், காரைச் சுற்றி வந்தார், அது மட்டும் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டார். அது ஸ்டெப்னி என்றார் அக்கா. அப்படியானால் ஸ்டெப்னி எங்கே என்று கேட்டார். ஸ்டெப்னி இல்லை என்றார். அவர் கொஞ்சம் யோசித்தார், விலையில் கொஞ்சம் குறைத்தார், அக்கா சரி என்றார். மத்தியானத்துக்கு முன்னால் கார் போய்விட்டது.